ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஆயில் சம்ப் கழற்றி மாட்டுவது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1961-இல் ஹெரால்டு காரை விற்க ஆரம்பித்தது. இன்றும் ஓடுகிற ஹெரால்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரு அட்டை விரித்திருக்கும். அந்த அட்டையில் விழும் சொட்டைப் பற்றித்தான் எனக்கு வரும் போன்களில் பாதி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன். எல்லாம் அந்த 948 சிசி பெட்ரோல் இஞ்சினை வைத்துத்தான். வேறு வண்டிக்காரர்கள் கடைசிக் கேள்வியை முதலில் படியுங்கள்.

சம்ப்னா எது? அதை எதுக்குக் கழட்டணும்?

இஞ்சினுக்கு அடியில் தொங்கும் தகரத் தொட்டிதான் சம்ப். ஆயில் அங்கேதான் தேங்கி நிற்கும். பம்ப் அதிலிருந்து உறிஞ்சி கிராங்க், கேம், ராக்கர் என்று மேலே சுழன்று அசையும் பாகங்களுக்கு அனுப்பும். எல்லாம் மறுபடி வழிந்து தொட்டிக்கே வரும்.

கழற்ற மூன்று காரணங்கள் உண்டு. தொட்டிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் கார்க் பேக்கிங் போய் ஆயில் கசிவது, கல்லில் அடிபட்டுத் தொட்டி நெளிவது, பேரிங்கையோ பம்பையோ பார்க்க வேண்டியிருப்பது. இவை எதுவுமில்லாமல் 'சும்மா கழற்றிச் சுத்தம் பண்ணலாமே' என்றால், வேண்டாம். நன்றாக இருக்கும் கார்க்கைத் தொடாமல் விடுவதே நல்லது.

கீழே ஆயில் சொட்டுது. சம்ப் பேக்கிங் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொல்றார். கழட்டிடட்டுமா?

பொறுங்கள். இஞ்சினில் மிகத் தாழ்வான இடம் சம்ப். மேலே எங்கே கசிந்தாலும் வழிந்து அங்கேதான் வந்து சேரும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். அதனால் சம்ப்பின் பின்மூலை நனைந்திருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ராக்கர் கவர் பேக்கிங், பெட்ரோல் பம்ப் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், பில்டர், முன்னால் டைமிங் கவரில் இருக்கும் சீல் எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருப்பவை.

மண்ணெண்ணெய் விட்டுப் பிரஷ்ஷால் இஞ்சினைச் சுற்றிலும் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சம்ப் ஓரம் முழுக்க முகப்பவுடரைத் தூவுங்கள். ஒரு கால் மணி நேரம் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் கசியும் இடத்தில் பவுடர் கறுத்து ஒரு கோடு இறங்கியிருக்கும். கோடு பேக்கிங்குக்கு மேலிருந்து வந்தால் குற்றவாளி சம்ப் அல்ல.

இன்னொன்று, இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டினால் அந்தச் சொட்டை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை தூக்கலாக அடித்தால் அது கியர் ஆயில். அப்படி வாடை இல்லாவிட்டால் கிராங்கின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டுக்குமே சம்ப் பேக்கிங் மருந்தல்ல. பின்பக்கக் கதையைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இஞ்சினை இறக்காம சம்ப்பை மட்டும் கழட்ட முடியுமா?

முடியும். இதில் ஹெரால்டு புண்ணியம் செய்த வண்டி. தனிச் சேஸிஸ் என்பதால் அடியில் கை போக இடமிருக்கிறது. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாகத் திறந்துவிடும், டயர் மேலேயே உட்கார்ந்து மேல்வேலையைப் பார்க்கலாம்.

வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழி (பிட்) இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் முன்பக்கத்தைத் தூக்கிச் சேஸிஸின் கனமான நீள இரும்புக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட் கொடுங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளில் கொடுக்காதீர்கள். இந்த வயதில் அவை துருப்பிடித்து உள்ளுக்குள் காகிதமாகியிருக்கலாம். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பி அடியில் படுக்கவே கூடாது.

என்கிட்ட மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் இருக்கு. அது போதாதா?

போதாது. இது அங்குலக் காலத்து வண்டி. சம்ப் போல்ட்டின் தண்டு 5/16 அங்குலம், அதன் தலை அரை அங்குல ஸ்பேனருக்கு உரியது. அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் போகும், ஆனால் ஆடும். இரண்டு தடவை வழுக்கினால் போல்ட் தலை உருண்டையாகிவிடும். அரை அங்குல சாக்கெட், ஒரு நீட்டிப்பு, ஒரு ரிங் ஸ்பேனர் என்று மூன்றை மட்டும் தனியாக வாங்கி வையுங்கள்.

அதைவிட ஆபத்து போல்ட்டை மாற்றுவதில் இருக்கிறது. 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மரை வேறு. 5/16-இல் நெருக்கமான மரை அங்குலத்துக்கு 24, அகலமான மரை 18. சாதாரண எம்8-க்குக் கணக்குப் போட்டால் 20 சொச்சம் வரும், எதோடும் சேராது. இரண்டு சுற்று கையில் ஏறும், பிறகு இறுகும். அங்கே பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் மரையைச் சீவிக்கொண்டு போகும். கையால் முழுக்க ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். ஒரு போல்ட் தொலைந்தால் பழையதில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த்தான் புதியதை வாங்க வேண்டும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டைப் பக்கம் தேடினால் அங்குல போல்ட் அகப்படும்.

ஆயிலைச் சூட்டோட இறக்கணுமா, ஆற விட்டா?

கை பொறுக்கும் சூட்டில் இறக்குங்கள். ஆயில் இளகி, அடியில் மிதக்கும் அழுக்கோடு சேர்ந்து வரும். கொதிக்கக் கொதிக்க இறக்கி மணிக்கட்டைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் அதைப் பாருங்கள். மரை கூம்பாக ஒடுங்கிப் போனால் அதற்கு வாஷர் கிடையாது. நேர் மரையாக இருந்தால் புதுச் செம்பு வாஷர் போடுங்கள். பிறகு வண்டியைச் சற்று நேரம் அப்படியே விடுங்கள், கடைசி அரைக் குவளை நிதானமாகத்தான் வரும். மேலே டிப் ஸ்டிக்கையும் உருவி வைத்துவிடுங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றக் கூடாது. 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். கேனில் பிடித்து, அப்படிச் சேர்த்து அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். தோலுக்கும் அது கெடுதல், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா போல்ட்டும் கழட்டியாச்சு, சம்ப் அசையவே மாட்டேங்குது!

முதலில் எல்லா போல்ட்டும்தானா என்று இன்னொரு முறை ஓரம் முழுக்க விரலை ஓட்டிப் பாருங்கள். அழுக்குக்குள் ஒன்று ஒளிந்திருப்பது வழக்கம். எல்லாம் வந்துவிட்டது என்றால், பழைய பேக்கிங்கும் யாரோ பூசிய பசையும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மரக்கட்டையை வைத்துத் தொட்டியின் பக்கவாட்டில் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், ஒரு மூலை விடும். பிறகு மெல்லிய பட்டிக்கத்தியை உள்ளே விட்டு ஓரமாகவே நகர்த்துங்கள்.

ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். பின்பக்கம் தகரம் நெளியும், அதுகூடப் பரவாயில்லை. முன்பக்கம் மேலே இருப்பது அலுமினியம், அதில் ஒரு கீறல் விழுந்தால் ஆயிலுக்கு அதுவே வாய்க்கால்.

பாதி இறங்கி எங்கேயோ மாட்டிக்குது...

உள்ளே ஆயில் பம்ப்பும் அதன் சல்லடையும் தொட்டிக்குள் தொங்குகின்றன, கிராங்கின் கனமான பக்கங்களும் இடிக்கும். தொட்டியைச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். வராவிட்டால் முன்னால் இருக்கும் புல்லியைப் பிடித்துக் கிராங்கைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இஞ்சின் மவுண்ட் நட்டைத் தளர்த்தி, மேலிருந்து செயின் பிளாக் போட்டு இஞ்சினை இம்மி தூக்கினால் வழி கிடைக்கும். பலத்தைக் காட்டி இழுத்தால் சல்லடைக் குழாய் வளையும்.

இறக்கியாச்சு. உள்ளே என்ன பார்க்கணும்?

இதற்காகத்தான் இந்த வேலைக்கே நான் மதிப்புக் கொடுக்கிறேன். பேக்கிங் மாற்றப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் தொட்டியை உடனே டீசலில் கழுவிவிடுகிறார்கள். கழுவாதீர்கள். அடியில் படிந்த சேற்றை ஒரு வெள்ளைத் துணியில் வழித்து வெயிலில் பிரித்துப் பாருங்கள். கறுப்புப் பசை வெறும் பழைய ஆயில். ஈயம் போல மங்கிய வெள்ளைப் பொடி பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறத்தில் மினுமினுத்தால் மேல்பூச்சு போய் அடிப்பூச்சும் தேய ஆரம்பித்திருக்கிறது, அப்போது பிக் எண்ட் கேப்பை (பிஸ்டன் தண்டைக் கிராங்கோடு பிடிக்கும் மூடியை) கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். காபியில் பால் விட்ட நிறம் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

சேற்றுக்குள் பிறை நிலா வடிவில் ஒரு தட்டையான உலோகத்துண்டு கிடந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அது த்ரஸ்ட் வாஷர். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் இரண்டு அரைவட்ட வாஷர்களில் ஒன்று. கிராங்கைத் தாங்கும் பேரிங்குகளில் கடைசியான பின் மெயின் பேரிங்கின் இருபுறமும், மேல்பாதியில் மட்டும் இருக்கும். தேய்ந்து மெலிந்தால் சுழன்று நழுவித் தொட்டியில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு ஓட்டினால் கிராங்க் நேராக இஞ்சினின் உடலான பிளாக்கையே அரைக்கும், அந்த பிளாக்கைக் காப்பாற்றுவது கஷ்டம். இந்த இஞ்சின் குடும்பத்தின் பிறவிக் குறை இது.

விழாவிட்டாலும் அளந்து பாருங்கள். ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு முன் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் வந்தால் அதுவே அதிகம். சரியான இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 வரை, அதாவது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். அதிகமென்றால் கனம் கூடிய ஓவர்சைஸ் வாஷர் போட வேண்டும். சம்ப் இறங்கியிருக்கும்போது பின் மெயின் கேப்பைக் கழற்றி, இஞ்சினை இறக்காமலே மாற்றிவிடலாம். பள்ளக் கோடுகள் உள்ள முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் புது வாஷரும் சீக்கிரமே தொட்டிக்கு வந்துவிடும்.

முன்பக்க போல்ட் ரெண்டு சுத்திக்கிட்டே இருக்கு, இறுகவே மாட்டேங்குது. என்ன செய்றது?

இதுதான் ஹெரால்டின் பிரசித்தி பெற்ற வியாதி. சம்ப்பின் மற்ற போல்ட்கள் வார்ப்பிரும்பு பிளாக்கில் ஏறும். முன்பக்கத்தில் இருப்பவை மட்டும் முன் மெயின் பேரிங்கை ஒட்டி இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஓர் அலுமினியக் கட்டையில் ஏறும். இரும்புக்குக் கொடுக்கும் அதே இறுக்கை அதற்கும் கொடுத்தால் மரை பொடியாக வெளியே வந்துவிடும். இத்தனை வருஷத்தில் எத்தனை கைகள் இறுக்கியிருக்கும்! மரை போகாத கட்டையைக் கண்டால்தான் ஆச்சரியம்.

சரியான வைத்தியம் ஹெலிகாயில். ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் எஃகுச் சுருள் ஒன்றைப் பதிப்பது. பழைய மரையைவிட இது பலமாகவே நிற்கும். வண்டியில் இருக்கும்போதே கீழிருந்து செய்யலாம். டிரில்லிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸ் அப்பிக்கொண்டால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டையின் ஆழத்தைக் குச்சி விட்டு அளந்து, டிரில்லில் ஒட்டும் நாடாவைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கை பழகாதவர்கள் கட்டையைக் கழற்றி லேத்துப் பட்டறையில் கொடுப்பது நல்லது.

எம்சீல் அடைத்து போல்ட்டைச் சொருகுவது, நூல் சுற்றி ஏற்றுவது, பெரிய போல்ட்டை முறுக்கி ஏற்றுவது எல்லாம் பார்த்திருக்கிறேன். எல்லாமே அடுத்தவர் தலையில் கட்டும் வேலை.

முன்னாடி அந்தக் கட்டை ஓரத்துல ரெண்டு மரத்துண்டு இருக்கு. யாரோ ஒப்பேத்தி வச்சிருக்காங்க போல, எடுத்துடவா?

எடுக்காதீர்கள்! அது கம்பெனியே வைத்தது. அலுமினியக் கட்டையின் இரு முனைக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள இடுக்கை அடைக்க மரச் சக்கையை அடித்து இறக்கி, அடிப்பரப்போடு மட்டமாகச் சீவிவிடுவார்கள். ஆயிலில் ஊறி உப்பி அது இடுக்கைக் கச்சிதமாக அடைத்துக்கொள்ளும். இஞ்சினுக்குள் மரம் என்றால் யாரும் நம்புவதில்லை, மெக்கானிக்குகளே சிலர் நோண்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் சிலிக்கானை அப்பிவிடுகிறார்கள்.

சக்கை சிதைந்திருந்தால் புதிதாக வைக்கலாம். காய்ந்த மென்மரத்தில் சற்றுப் பெரிதாகச் சீவி, பசை தடவி, தட்டி இறக்கி, வெளியே நிற்பதைக் கூரான பிளேடால் மட்டமாக வெட்டுங்கள். துருத்திக்கொண்டு நின்றால் பேக்கிங் அந்த இடத்தில் உட்காராது.

சம்ப் ஓரம் அலை அலையா இருக்கே?

போல்ட்டை அதிகம் இறுக்கினால் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் தகரம் மேல்நோக்கிக் குழிந்துவிடும். கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்தால் எங்கெங்கே தொடுகிறது என்று தெரியும். ஓரத்தை ஒரு தட்டையான இரும்பின் மேல் வைத்து, ஓட்டையைச் சுற்றி உள்முகத்தில் சின்னச் சுத்தியலால் நிதானமாகத் தட்டி மட்டமாக்குங்கள். புதுப் பேக்கிங் வாங்கியும் ஒழுகுகிறது என்பவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்யாதவர்கள்தான். தொட்டியை இப்போது கழுவலாம். சல்லடையையும் மண்ணெண்ணெயில் அலசி விடுங்கள். துடைக்க நூல் பிரியும் பனியன் வேஸ்ட் வேண்டாம், பழைய வேட்டித் துணி நல்லது.

கார்க் பேக்கிங்கா, வெறும் சிலிக்கானே போதுமா?

கார்க்தான். டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் இதே இஞ்சின் குடும்பம் என்பதால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியும். கிடைக்காவிட்டால் கார்க் ஷீட் வாங்கி, சம்ப்பையே அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளலாம். வெகுநாள் கிடந்த கார்க் காய்ந்து சுருங்கியிருக்கும், ஓட்டைகள் பொருந்தாது. உடனே தூக்கி எறிய வேண்டாம், தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் மீண்டுவிடும்.

சிலிக்கானை எதிரியாக நினைக்கவில்லை, ஆனால் அளவு வேண்டும். மரச் சக்கை இருக்கும் முன் மூலைகளிலும், கிராங்கின் பின்முனையைச் சுற்றி மூடும் சீல் வீட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள இணைப்புக் கோட்டிலும் அரிசி அளவு போதும். முழுக்கப் பிதுக்கினால் வெளியே தெரிவதைப் போலவே உள்ளேயும் பிதுங்கும். அது அறுந்து பம்ப் சல்லடையை அடைத்தால் பேக்கிங் செலவு பேரிங் செலவாகிவிடும்.

எவ்வளவு இறுக்கணும்?

எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றிவிடுங்கள். நீளம் வேறுபட்ட போல்ட் இருந்தால் கழற்றும்போதே அட்டையில் சம்ப் படம் வரைந்து குத்தி வைத்திருக்க வேண்டும், அலுமினியத்தில் நீளமான போல்ட் போய்த் தட்டினால் கட்டை விரியும். பிறகு நடுவிலிருந்து இருபுறமும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஸ்பேனரின் வாலைப் பிடிக்காமல் கழுத்தைப் பிடித்து, மணிக்கட்டு பலம் மட்டும். கார்க் லேசாகப் பிதுங்க ஆரம்பித்தால் நிறுத்துங்கள். முன்பக்கக் கட்டையில் அதற்கும் ஒரு படி முன்பே.

சில நாள் ஓடிய பிறகு ஆறின இஞ்சினில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், கார்க் அமர்ந்து போல்ட் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்வை மட்டும் எடுங்கள். 'கசியுதே' என்று வாரா வாரம் ஒரு கால் சுற்று வைப்பவர்களுக்கு மேலே சொன்ன அலைத் தகரம் நிச்சயம்.

என்ன ஆயில், எவ்வளவு ஊத்தணும்? உடனே ஸ்டார்ட் பண்ணலாமா?

நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50. பில்டரோடு சேர்த்து நாலு லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஆனால் லிட்டர் கணக்கைவிட டிப் ஸ்டிக் கோடுதான் பேச்சு. கோட்டுக்கு மேலே போகாதீர்கள், ஏன் என்று அடுத்த பதிலில்.

உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃபை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பம்ப்பையும் கழற்றியிருந்தால் மாட்டும்போதே அதற்குள் ஆயில் ஊற்றியிருக்க வேண்டும். வெறும் பம்ப் உறிஞ்சாது. விளக்கு அணையவே இல்லை என்றால் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, சல்லடையும் பம்ப்பும் சரியாக உட்கார்ந்தனவா என்று பாருங்கள். ஆமாம், மறுபடியும் சம்ப்பைக் கழற்ற வேண்டியதுதான்.

எல்லாம் சொன்னபடி செஞ்சேன். இன்னும் பின்பக்கம் சொட்டுது. இப்ப என்ன?

பவுடர் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஓரம் காய்ந்திருந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டினால், கிராங்கின் பின்பக்கம்தான். இந்தப் பழைய இஞ்சினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய சுருள் பள்ளம், இஞ்சின் சுற்றும்போது ஆயிலை உள்நோக்கித் தள்ளும், அவ்வளவுதான். நின்றுவிட்டால் தள்ள ஆளில்லை. அதனால் ஓட்டி வந்து நிறுத்தியதும் சில சொட்டு விழுவது அதன் சுபாவம்.

சொட்டு அதிகமென்றால் முதலில் இரண்டு சுலபமான விஷயங்கள். ஆயில் கோட்டுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். பிறகு இஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். குளவி கூடு கட்டியிருந்தாலும் போதும், உள்ளே காற்றழுத்தம் ஏறி ஆயிலை எந்த வழியிலாவது வெளியே துரத்தும். பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் இதே கதைதான். இவை சரியாக இருந்தும் நிற்காவிட்டால் பின் சீல் வீட்டை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை வைத்து கிராங்குக்கு நடுவாக உட்கார வைக்க வேண்டும். அதற்குக் கியர்பாக்ஸ் வெளியே வர வேண்டும். ஹெரால்டில் அது கீழ்வழியாக வராது, நடு டனல் கவரைக் கழற்றிக் காருக்குள்ளிருந்தே தூக்குவார்கள். ஒரு நாளைக்கு நாலு சொட்டு என்றால் நான் அந்த வேலைக்குப் போகமாட்டேன், அட்டை விரிப்பேன்.

நமக்கு இதெல்லாம் ஆகாது. மெக்கானிக்கிட்ட விட்டா என்ன சொல்லி விடணும்?

'அண்ணே, சம்ப்பைக் கழட்டினதும் கழுவாம எனக்கு ஒரு போன் போடுங்க' என்று சொல்லி விடுங்கள். சேற்றை நீங்களே பாருங்கள். த்ரஸ்ட் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள், மரச் சக்கையைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள், ஏர் கன் வைத்துச் சம்ப் போல்ட் இறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுபவப்பட்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என்கிட்ட அம்பாசடர் இருக்கு. இதே முறைதானா?

ஆயில், போல்ட் இறுக்கு, தகரம் தட்டுவது, சேறு பார்ப்பது எல்லாம் ஒன்றுதான். பேக்கிங் வேறு. பழைய 1489 சிசி பெட்ரோல் இஞ்சினில் அலுமினியக் கட்டையும் மரச் சக்கையும் கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பேக்கிங், முன் மெயின் கேப்பிலும் பின் மெயின் கேப்பிலும் வளைந்து உட்காரும் ஒவ்வொரு கார்க் துண்டு. இந்த நாலும் சந்திக்கும் மூலைகளில்தான் ஒழுகும். வளைந்த கார்க் முனைகளைப் பக்கப் பேக்கிங்கோடு மட்டமாக வெட்டிவிடாதீர்கள், இம்மி தூக்கலாக நிற்கட்டும். சம்ப் அதை அழுத்தும்போதுதான் மூலை அடையும்.